பூசணம் பூத்த மாத்தே

— எண்பத்தொம்பதுன்னா நல்ல மார்க்குதானடா, வாஷிங்டன்? பள்ளிக்கூடத்துல நீ வாங்காத மார்க்கு.

— இது மார்க்கு இல்லக்கா, கஷ்டம். நூத்துக்கு எண்பத்தொம்பது கஷ்டம். குடுவை வாங்க ஒருத்தர் கூகுள்ல 'மாத்தே'ன்னு தட்டினா, உன் கடை முதல் பக்கத்துல வர்றதுக்கு அவ்வளவு மல்லுக்கட்டணும்.

— மல்லுக்கட்டுவோம். இந்த நிப்யா என்னைக்குப் பயந்தா?

— யாரோடன்னு பாரு. திரைய உன் பக்கம் திருப்பறேன். முதல் பக்கத்துல மொத்தமே பத்து நாற்காலி. நாலுல பெரிய பெரிய அங்காடி. மூணுல பத்திரிகைக்காரங்க. இதோ, இந்த மூணுல அர்ஜென்டினாக்காரங்க.

— அவங்களுக்கு மாத்தேயப் பத்தி என்ன தெரியும்? நம்ம ஆளுங்க மாதிரி வெந்நீர் பிளாஸ்க்க கக்கத்துல இடுக்கி, குடுவையில இலைக்கசப்ப உறிஞ்சிக்கிட்டே தெருவுல நாலு எட்டு நடக்கத் தெரியாத ஜனம்.

— தெரியுதோ இல்லையோ, உக்காந்துட்டாங்க. பத்து வருஷமா உக்காந்திருக்காங்க. தூராஸ்னோவுல ஒரு சின்னக் கடை, போன மாசம் தொடங்கின பக்கம், போய் 'கொஞ்சம் தள்ளி உக்காருங்க'ன்னா தள்ளுவாங்களா?

— சரி, 'நல்ல மாத்தே'ன்னு போட்டுப் பாரு.

— எழுபத்தொண்ணு.

— 'தூராஸ்னோவுல நல்ல மாத்தே'?

— கஷ்டமே இல்ல. சுழியம்.

— அப்படிச் சொல்லு. அதையே வச்சுக்கோ.

— தேடறவங்களும் சுழியம்க்கா. ஆள் நடமாட்டமே இல்லாத பாதையில பந்தல் போடச் சொல்ற.

— மான்டிவிடியோவுக்கு வேலைக்குப் போனதுலேர்ந்து வாய் மட்டும் நீண்டுருச்சு உனக்கு. இந்தா, தோர்த்தா ஆறுது. மழை பெய்யுதேன்னு மாவு பிசைஞ்சு பொரிச்சா, நீ திரையையே தின்னுக்கிட்டு இருக்க.

— மாத்தேய முதல்ல குடு.

— பொறு. ஊத்தறவ நான். முதல் கசப்பு எனக்குத்தான். அப்புறம்தான் உனக்கு. அப்பா உள்ள தூங்கறாரு, குரல இறக்கிப் பேசு.

— நெசமா கேக்கறேன்க்கா. ஆகஸ்டுக்குள்ள வெளியூர் ஆர்டர் வரலன்னா கடைய பூட்டிடுவியா?

— பூட்டிட்டு மெர்சிதா சித்தியோட மருந்துக்கடையில நிக்கப்போறேன். வெள்ளைக் கோட்டுக்கு அளவு கூடக் கேட்டாச்சு. மூஞ்சிய அப்படி வச்சுக்காத. இந்த ஊர்ல மாத்தே இல்லாத வீடு ஏது? என்கிட்ட ஒரு சுரைக்குடுவை வாங்கினவன் இருபது வருஷத்துக்கு இந்தப் பக்கம் வரமாட்டான். என் சரக்கு நல்லா இருக்கறதுதான் என் வியாபாரத்துக்குச் சத்துரு.

— நீ எங்கயும் போக வேண்டாம். ஒரு வார்த்தை பிடிச்சு வச்சிருக்கேன். ஆனா கேட்டா அடிப்ப.

— கையெல்லாம் மாவு. தைரியமா சொல்லு.

— 'மாத்தேயில பூசணம்'.

— என்னது?

— அடிக்க மாட்டேன்னு சொன்ன.

— என் கடை வாசல்ல பூசணம்னு எழுதி ஒட்டப் பாக்கற. நிப்யா பூசணம் விக்கிறாம்பாங்க. நம்ம ஆளுங்க பொண்டாட்டி ஓடிப்போனதக் கூட ஒத்துக்குவாங்க, மாத்தேயில பூசணம் பூத்தத ஒத்துக்க மாட்டாங்க.

— அதேதான்க்கா விஷயம். பக்கத்து வீட்ல கேக்க வெக்கம். அதனால கதவச் சாத்திட்டு கூகுள்கிட்ட கேக்கறாங்க. மாசத்துக்கு ரெண்டாயிரம் பேர். கஷ்டம் எவ்வளவு தெரியுமா? நாலு.

— நாலா?

— நாலே நாலு. ஆனா நம்பர மட்டும் நம்பி ஆழம் தெரியாம கால விடக்கூடாது. நாற்காலியில யார் யாருன்னு கண்ணால பாக்கணும். இங்க பாரு. முதல்ல குளியலறைச் சுவத்துப் பூசணம். மாத்தேன்னு ஒரு வார்த்தை ஓரத்துல வருது, அவ்வளவுதான். அடுத்தது ரொட்டியில பூத்தது. இது, 'தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க'ன்னு சொல்ற பக்கம்.

— தூக்கிப் போடறதா? பத்து வருஷம் கையில பழகினதையா? மனுஷனா அவன்?

— பாத்தியா, உனக்கே கோவம் வருது. தேடறவனுக்கும் அப்படித்தான் வரும். அவனுக்குப் புதுசு வேண்டாம், இருக்கறதக் காப்பாத்தணும். காப்பாத்திக் குடுத்த கடைய அவன் மறப்பானா? தங்கச்சி கல்யாணத்துக்கு மாத்தே வாங்கணும்னா நேரா உன்கிட்டதான் வருவான்.

— ம்ம். கேக்க நல்லாத்தான் இருக்கு. அப்ப பத்து நாற்காலியும் காலின்னு வச்சுக்கலாமா?

— ஒண்ணத் தவிர.

— அதுலயும் அர்ஜென்டினாக்காரனா?

— இல்ல. பழைய கேள்வி பதில் பக்கம் ஒண்ணு. பதில் எழுதினவ பேரு தெரியாது. 'பக்கத்து வீட்டுக்காரி'ன்னு வச்சிருக்கா.

— ஒத்த ஆளு. அவள ஜெயிக்க முடியாதா உன்னால?

— முடியாதுக்கா. பதினேழு வரிதான் எழுதியிருக்கா. கரண்டியால சுரண்டு, உள்தோல் கிழியாமச் சுரண்டு. கொதிக்கிற தண்ணி மூணு தரம். ஒரு பிடி சாம்பல் போட்டு ஒரு நாள் முழுக்க ஊறட்டும். அப்புறம் வெயில்ல வை, வெயில் இல்லன்னா அடுப்போரம் சாச்சு வை. ஒரு இடத்துல கூடத் திட்டல. 'பயப்படாத, அப்பா வர்றதுக்குள்ள சரியாயிடும்'னு முடிச்சிருக்கா. கீழ நூத்தி எழுபது பேரு நன்றி சொல்லியிருக்காங்க. இப்படி ஒருத்தி உக்காந்திருந்தா நம்பர் நாலுன்னு காட்டினாலும் அது நாப்பதுக்குச் சமம்.

— அப்பா வர்றதுக்குள்ளயா? கேள்வி கேட்டது யாராம்?

— யாரோ ஒரு பையன்.

— யாரோ ஒரு பையன்.

— விடுக்கா. தோர்த்தாவுக்குச் சக்கரை இருக்கா?

— வாஷிங்டன். உன் காது சிவந்துருக்கு.

— சரி, நான்தான். அந்த வருஷம் நாம கால்பந்துக் கோப்பை ஜெயிச்சோமே, அப்ப. அப்பா பண்ணை வேலைக்குப் போயிருந்தாரு. நான் அவரோட மாத்தேய எடுத்து வச்சுக்கிட்டு ஆட்டம் பாத்தேன். ஜெயிச்சதும் ஊரே தெருவுக்கு ஓடுச்சு, நானும் ஓடினேன். ஈர இலையக் கொட்டாமலே அலமாரிக்குள்ள தள்ளிட்டேன். ஆறு நாள் கழிச்சுத் திறந்தா, உள்ள பச்சையா ஆட்டுக்குட்டி மாதிரி ரோமம் வச்சுப் படுத்திருக்கு. அவரு தாத்தா குடுத்தது அது, வெள்ளி வளையம் போட்டது. எனக்கு உசுரே இல்ல. வீட்ட விட்டு ஓடிடலாம்னு பை கூடக் கட்டிட்டேன்.

— ரெண்டு சட்டை, ஒரு பந்து.

— உனக்கெப்படித் தெரியும்?

— கட்டிலுக்கடியில கூட்டறது யாரு? நீ மேல சொல்லு.

— மேல என்ன? ஓடறதுக்கு முன்னாடி ஒரு தரம் கேட்டுப் பாப்போம்னு எழுதினேன். மறுநாளே பதில் வந்துச்சு. அவ சொன்னபடியே செஞ்சேன். அப்பாவுக்கு இன்னிவரைக்கும் தெரியாது. நான் இந்தத் தேடல் வேலைக்கு வந்ததே அதனாலதான்க்கா. வெக்கத்தோட தேடறவனுக்கு யாராவது ஒழுங்கா ஒரு பதில் வச்சிருக்கணும். அவள நாற்காலியில இருந்து இறக்க எனக்கு மனசு வரல. வேற வார்த்தை பாப்போம்.

— வேற எதுவும் வேண்டாம். பூசணமே இருக்கட்டும்.

— இப்பத்தானே ஊர் சிரிக்கும்னு சொன்ன?

— சிரிச்சுட்டுப் போகட்டும். அந்தப் பதினேழு வரியையும் எடுத்து நம்ம பக்கத்துல போடு. படம் நான் புடிச்சுத் தரேன்.

— அவளக் கேக்காம எப்படிப் போடறது? போன வாரமே அவ பேருக்கு ஒரு கடுதாசி அனுப்பினேன். பதிலே இல்ல.

— எப்படி வரும்? அந்தப் பேருக்கு வச்ச பாஸ்வேர்டு எனக்கு மறந்து பதிமூணு வருஷமாச்சு. இந்தா, உன் முறை, அப்பா மாத்தேதான். குடிச்சதும் இலையக் கொட்டிடு.