கீழ்வீட்டம்மாவின் வேண்டுதல்

…அதுக்கப்புறம் நான் எப்படிம்மா அந்த வகுப்புல தலையக் காட்டுறது? சுத்தியல் தரேன், இருங்க. கீழ்த்தளத்துக்கு இன்னைக்குத்தானே குடிவந்திருக்கீங்க, ஆணி எங்கயும் ஓடிப்போயிடாது.

இருபத்திரண்டு வருஷமா சண்டே ஸ்கூல்ல பாடம் எடுக்கறேன். இந்த வருஷம் சமாதானம்தான் பாடம்னு புத்தகம் அனுப்பிட்டாங்க. சரி, புறா படம் ஒட்டி, வசனத்த மனப்பாடம் பண்ண வெச்சு ஒப்பேத்திடலாம்னு பாத்தேன். புதுப் போதகர் விடல. சின்ன வயசு, எதையும் செஞ்சு பாக்கணும்பாரு. பிள்ளைங்க வேற மதத்துக்காரங்க வீட்டுக்குப் போகணுமாம், கடவுள்கிட்ட என்ன கேப்பீங்கன்னு விசாரிச்சு எழுதிட்டு வரணுமாம். நானும் வீட்டுப்பாடம் குடுத்துத் தொலைச்சேன்.

எல்லாம் நல்லாத்தான் எழுதிட்டு வந்துச்சுங்க. மகனுக்கு வேலை, மகளுக்குக் கல்யாணம், முட்டி வலி… எங்க போனாலும் ஒரே மனுதான் போலிருக்கு. கடைசியா எழுந்துச்சு பாருங்க, ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி. எட்டு வயசு. என் வீட்டுக்கு நேர் கீழ இருக்கற அம்மாகிட்ட போயிருக்கு. அஞ்சு வேளையும் தொழுவாங்க அவங்க. போதகர் பக்கத்துல நிக்கறாரு, இது கணீர்னு படிக்குது: "மேல்வீட்டு டீச்சர் மறுபடி என்கிட்ட பேசணும்னு ஆறு வருஷமா கேக்கறேன்."

பதினேழு பிள்ளையும் திரும்பி என்னையே பாக்குது.

ஏன் பேசலையா? அது தண்ணி விஷயம்மா. அவங்க தொழுகிற இடத்துல மேலேர்ந்து சொட்டுதுன்னு வந்து சொன்னாங்க. மெதுவாத்தான் சொன்னாங்க. நான்தான்… உங்க சுவர்ல ஈரம் இருந்தா நான் என்ன பண்றதுன்னு கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன். உங்க ஆளுங்களே இப்படித்தான்னும் ஒரு வார்த்தை. எப்படியோ வாயில வந்துடுச்சு.

அப்புறமா? ம்… அடுத்த வாரம் பிளம்பர் வந்து பாத்தாரு. என் குளியலறைக் குழாய்தான். மாத்திட்டுப் போனாரு. சொட்டுறது நின்னுடுச்சுல்ல, அதுவே பதில்னு விட்டுட்டேன். படியில அவங்க எதிர்ல வந்தா கைப்பைக்குள்ள சாவி தேடுவேன். ஆறு வருஷமாத் தேடறேன்.

போதகர் என்ன சொன்னாருங்கறீங்க? சொல்றதென்ன, அந்தத் தாள வாங்கி மத்ததோட சேத்துச் சுவர்ல ஒட்டிட்டாரு. அதான் தாங்கல. திட்டியிருந்தா ஒரு கோபத்துல காலத்த ஓட்டியிருப்பேன்.

இந்தாங்க சுத்தியல். கிளம்பிட்டீங்களா? உங்க கதவும் அவங்க கதவும் பக்கத்துல பக்கத்துலதானே… நானும் வரேன். நீங்க அவங்க கதவத் தட்டுங்க, நான் படியிலேயே… வேண்டாம், வேண்டாம். நானே தட்டறேன். நீங்க சும்மா பக்கத்துல நில்லுங்க, போதும்.