ஐம்பத்தாறாவது கால்

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் துறையின் மண்டல இணை இயக்குநர் அவர்களே! சற்றுமுன் அம்மாவுக்காகச் செபித்து அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே! மாலைக் கறவையைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுத் திருவெறும்பூரிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் பெருமக்களே! காட்டூர்த் தெருக்காரர்களே! மூன்று வாரமாகத் தாயின் கட்டிலருகே இருந்து, வியாழக்கிழமை அவர் கண்களை மூடிவைத்த மகள் பெலிண்டாவே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

என் பெயர் தாஜுதீன். கால்நடை ஆய்வாளன். டாக்டர் லூர்துராணி அம்மையாரிடம் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன். வேலை பார்த்தவன் என்பதைவிட, திட்டு வாங்கியவன் என்றால் இன்னும் பொருத்தமாக இருக்கும். அவர் என்னைப் பாய் என்று கூப்பிடுவார். கோபம் வந்தால் தாஜுதீன் சார் என்பார். அந்த 'சார்' விழுந்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அம்மாவைப் பற்றி என்ன சொல்ல? கன்று போட முடியாமல் தவித்த எத்தனை பசுக்களுக்கு அந்தக் கை போயிருக்கிறது! எத்தனை வீடுகளின் பால் அந்தக் கையால் நிலைத்திருக்கிறது! ஒரு மே மாதம் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு வீட்டுப் பசுவுக்குக் காய்ச்சல். வீட்டு மாமி கண்ணீரோடு நிற்கிறார். அம்மா ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து, அதன் வட்டத்தை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு நிற்கிறார். எப்போதும் அப்படித்தான். குளிர்ந்த இரும்பு பட்டால் மாடு மிரளும் என்பார். நான் சும்மா இருப்பேனா? இந்த வெயிலில் அது தோசைக்கல் மாதிரி இருக்குமே மேடம் என்று கிண்டல் செய்தேன். "பழக்கம் பாய். இன்னைக்கு விட்டுட்டா மார்கழியில ஞாபகம் வராது" என்றார். பசு பிழைத்துக்கொண்டது.

நண்பர்களே, மார்கழிக்காகச் சேர்த்து வைத்த அந்தப் பழக்கம், மார்கழியே அறியாத ஒரு குளிருக்குப் போகும் என்று அன்று யார் கண்டது?

எனக்கு முன் பேசிய மூன்று பேரும் அந்தப் பந்தயத்தைச் சொன்னார்கள். ஓய்வுபெற்றபின் மகளைப் பார்க்கக் கனடாவின் வடகோடிக்குப் போன அம்மா, நாய்கள் வண்டியிழுக்கும் நெடுந்தூரப் பந்தயத்தில் பணியாற்றினார் என்றும், பனிப்புயலுக்குள் பாய்ந்து உயிருக்குப் போராடிய நாயை மீட்டார் என்றும் சொன்னார்கள். கேட்கும்போதே மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் அது அப்படி நடக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கதையை ஊர் முழுக்கப் பரப்பியவன் நான்தான். திருவெறும்பூர் பஸ் நிறுத்தத்தில் 'பனிப்புயலை வென்ற வீராங்கனை' என்று இருபதடி பேனர் வைத்தவனும் நான்தான். அம்மா ஊருக்கு வந்து அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"தாஜுதீன் சார், அந்தப் பேனரைக் கழட்டுங்க. அதுல ஒரு கால் கூடுதலா இருக்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கழற்றிவிட்டு இந்தக் காட்டூர் வீட்டுக்கு வந்தேன். அன்று அவர் சொன்னதை இன்று சபையில் வைக்கிறேன்.

அந்தப் பந்தயம் ஆயிரம் கிலோமீட்டர். உறைந்துபோன ஆற்றின் மேலேயே பாதை. ஒரு வண்டிக்குப் பதினான்கு நாய்கள், ஓட்டுபவர் ஒரே ஒருவர். பத்து நாள், பன்னிரண்டு நாள் ஓடுகிறார்கள். நடுநடுவே சோதனை நிலையங்கள் உண்டு. அங்கே வண்டி கட்டாயம் நின்று ஓய்வெடுக்க வேண்டும். நாய்களின் கால்களில் துணி உறை மாட்டியிருப்பார்கள். நிலையத்துக்கு வந்ததும் எல்லா உறைகளையும் கழற்றி, ஒவ்வொரு காலையும் விரலிடுக்கு வரை மருத்துவர் பார்க்க வேண்டும். ஒரு வெடிப்பு இருந்தால் போதும், அந்தக் குளிர் அதன் வழியாக உள்ளே போய் விரலையே தின்றுவிடுமாம். பதினான்கு நாய்க்கு ஐம்பத்தாறு கால். பார்த்து முடித்ததும், ஓட்டுபவர் கையோடு வைத்திருக்கும் நோட்டில் மருத்துவர் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி கிளம்பும்.

அங்கே மருத்துவம் பார்க்க அந்த ஊர் உரிமம் வேண்டும். அம்மாவுக்கு அது கிடையாது. தலைமை மருத்துவருக்கு உதவியாளராகத்தான் சேர்த்துக்கொண்டார்கள். அம்மா காலைப் பார்த்துச் சொல்வார், அவர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து அவருடையது என்றாலும் வார்த்தை அம்மாவுடையது.

அன்று பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்திரண்டு டிகிரி. அதன் மேல் காற்று வேறு. பேனா மை உறைந்து பென்சிலால் எழுதியிருக்கிறார்கள். இமை முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். ஸ்டெதாஸ்கோப் அம்மாவின் சட்டைக்குள் நெஞ்சோடு கிடந்தது. வழக்கம் போலத்தான்! கால் பார்க்கக் கையுறையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் ஒரு நிமிஷத்துக்கு மேல் விரல் தாங்காது. அறுபது தாண்டிய, திருச்சி வெயிலில் வளர்ந்த விரல்கள் அவை.

காலையில் காரின் என்ற பெண்மணியின் வண்டி வந்தது. ஐம்பது வயதுக்காரர். எட்டாவது முறையாக ஓடுகிறார். ஏழு முறையும் முதல் மூன்றுக்குள் வந்ததில்லை. இந்த முறை மூன்றாவதாக வந்துகொண்டிருக்கிறார். முதல் மூவருக்குத்தான் மேடை. அம்மா ஒவ்வொரு நாயாகப் பார்க்கிறார். வா சாமி, காலைக் குடு என்று தமிழில்தான் பேசுகிறார். அவையும் கொடுக்கின்றன. கடைசி நாய்க்கு நம்மூர் மிளகின் பெயராம், பெப்பர். அது வைக்கோலில் சுருண்டு, மூக்கை வாலுக்குள் புதைத்துத் தூங்கிவிட்டது. மூன்று கால் வெளியே கிடந்தது. பார்த்தார். நான்காவது கால் வயிற்றுக்கு அடியில். அதைப் பார்க்க வேண்டுமானால் நாயை எழுப்ப வேண்டும்.

இருநூறு கிலோமீட்டர் ஓடிவிட்டுத் தூங்குகிற ஜீவனை எப்படி எழுப்புவது? கொஞ்சம் தூங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். உள்ளே போய் விரலைச் சூடாக்கும்போது தலைமை மருத்துவர் கேட்டார். அம்மா, ஐம்பத்தாறும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அடுத்த வண்டி வந்தது, அதற்கடுத்த வண்டி வந்தது. மத்தியானம் காரின் கிளம்பிப் போய்விட்டார்.

போய் ஒரு மணி நேரம் கழித்துச் சூப்பு குடிக்கும்போதுதான் அம்மாவுக்கு அந்தக் கால் நினைவு வந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு நேராகத் தலைமை மருத்துவரிடம் போய், நான் பார்த்தது ஐம்பத்தைந்துதான் என்றார்.

அந்த மனிதர் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒரு கால்தானே, அடுத்த நிலையத்தில் பார்ப்பார்கள் என்றார். அடுத்த நிலையம் நூறு கிலோமீட்டர். வழியில் போன் எடுக்காது. பனியில் ஓடும் மோட்டார் வண்டியை அனுப்பித் தடுத்தால் காரினுடைய இடம் போய்விடும், உங்கள் பெயரும் போய்விடும், கால் நன்றாகவே இருந்தால் எல்லோரும் சிரிப்பார்கள் என்றார். அம்மா கேட்கவில்லை. எந்த நாய், எந்தக் கால் என்று எனக்குத்தான் தெரியும் என்று அந்த மோட்டார் வண்டி ஓட்டுநரின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். அந்தக் காற்றில் ஒன்றரை மணி நேரம்.

காரினைப் பிடித்தார்கள். நிறுத்தினார்கள். அம்மா பனியில் மண்டியிட்டு, பெப்பரின் இடது பின்னங்கால் உறையைக் கழற்றி, கையுறையைக் கழற்றி, நான்கு விரல்களின் இடுக்குகளையும் தடவிப் பார்த்தார்.

அந்தக் காலில் ஒன்றுமில்லை!

ஆம் பெருமக்களே, ஒரு கீறல்கூட இல்லை. அரை மணி நேரம் நின்ற அந்த வண்டியை இன்னொரு வண்டி முந்திக்கொண்டு போனது. ஆயிரம் கிலோமீட்டர் முடிவில் காரின் நான்காவதாக வந்தார். பதினோரு நிமிஷ வித்தியாசம். அம்மாவை நாய்களைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மிச்ச நாட்களுக்கு வைக்கோல் பரப்பவும் வெந்நீர் போடவும் வைத்தார்கள். இதுதான் நான் இருபதடிக்கு வைத்த வீரக்கதை.

இதைக் கேட்டதும் எனக்கு அம்மா மீதே கோபம் வந்தது. கால்தான் நன்றாக இருந்ததே மேடம், பேசாமல் இருந்திருந்தால் அந்த அம்மாளும் ஜெயித்திருப்பார், உங்கள் மரியாதையும் நின்றிருக்குமே என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன்.

"கால் நல்லா இருந்தது அந்த நாயோட அதிர்ஷ்டம் பாய். பாத்தேன்னு சொன்னது என்னோட பொய். அது நல்லா இருந்ததால இது உண்மையாயிடாது."

பந்தயம் முடிந்த இடத்தில் காரின் அம்மாவைத் தேடி வந்திருக்கிறார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கோபம் இன்னும் போகவில்லை என்றாராம். ஆனால் அடுத்த வருஷம் என் நாய்களின் காலை நீங்கள்தான் பார்க்க வேண்டும், நீங்கள் பார்த்தேன் என்று சொன்னால் பார்த்ததாகத்தான் இருக்கும் என்று சொல்லி, ஒரு கால் உறையை அம்மாவின் கையில் வைத்தார். படத்துக்குப் பக்கத்தில், சின்னச் சுருக்குப்பை மாதிரி ஒரு சிவப்புத் துணி இருக்கிறதே, அது என்ன என்று வரும்போது பலர் கேட்டீர்கள். அதுதான் அந்த உறை. மேடையேற வேண்டியவர், தன்னை ஏற விடாமல் செய்தவருக்குக் கொடுத்தது. அடுத்த வருஷம் போக அம்மாவின் உடம்பு இடம் கொடுக்கவில்லை.

இத்தோடு நான் இறங்கியிருக்க வேண்டும். அம்மாவின் வழியில் நடப்போம் என்று நாலு வரி பேசிவிட்டு இறங்குவதாகத்தான் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாள் சட்டைப் பையில் இருக்கிறது. அதைப் படிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

இணை இயக்குநர் ஐயா தலைமையுரையில் என்னைப் பாராட்டினார்கள். வையம்பட்டிப் பக்கம் கோமாரித் தடுப்பூசிப் பணியில் நானூற்றுப் பன்னிரண்டு மாடுகளுக்கு நானூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது, அதுவும் அம்மா மறைந்த அன்றே இவர் முடித்தார் என்றார்கள். நீங்கள் கைதட்டினீர்கள். ஐயா, அது நானூற்றுப் பதினொன்று.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு மருதை அண்ணன் கொட்டகையில் நின்றேன். மூன்று மாட்டுக்கு ஊசி போட்டாயிற்று. செவலைக் கிடேரி மட்டும் மேய்ச்சலில். அஞ்சு மணிக்கு வந்துடும் பாய், டீ குடிச்சிட்டு இருங்க என்றார் அவர். அப்போது பெலிண்டாவின் போன் வந்தது. "தாஜு மாமா, அம்மா போயிட்டாங்க" என்றது பாப்பா. அதற்குப் பிறகு என் கை என்ன செய்தது என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பதிவேட்டில் கிடேரிக்கும் சேர்த்து டிக் அடித்தேன். மருதை அண்ணனிடம் நாலுக்கும் ஊசி போட்டதாகச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு பைக்கை எடுத்தேன். துக்கத்தில் செய்தது என்று நீங்கள் சொல்வீர்கள். அது உண்மையில்லை. வெளியே போன மாட்டுக்கும் டிக் அடிப்பது எனக்குப் பழகின கை. மற்ற நாட்களில் மறுநாள் போய் ஊசியைப் போட்டுவிடுவேன், அதனால் அது பொய் இல்லை என்று நினைத்துக்கொள்வேன். இந்தத் தடவை அடக்கம், வீடு, சாவு வீட்டு வேலை என்று போகவே இல்லை. மறுநாளே பட்டியலையும் ஐயாவின் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.

மருதை அண்ணன் அந்தக் கிடேரியை நாளைச் சந்தைக்கு ஓட்டிப் போகிறார். என் சீட்டைக் காட்டித்தான் விற்பார். வாங்குபவர் என் சீட்டை நம்பித்தான் தன் கொட்டகையில் கொண்டுபோய்க் கட்டுவார். இன்று ஊசி போட்டாலும் பலன் பிடிக்க இரண்டு வாரம் ஆகும். அதனால் ஊசியும் போட வேண்டும், சீட்டையும் திரும்ப வாங்க வேண்டும், நாளைக்குச் சந்தைக்குப் போகாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். மகள் கல்யாணத்துக்கு நம்பியிருக்கிற மாடு. அவர் என்னைத் திட்டுவார், திட்டட்டும். போனில் சொல்லிவிடலாமே என்பீர்கள். கையெழுத்துப் போட்டது நேரில். திரும்பக் கேட்பதும் நேரில்தான் இருக்க வேண்டும்.

அந்தக் கிடேரிக்கு ஒன்றும் வராமலே போகலாம். பெப்பரின் காலைப் போல அதுவும் நன்றாகவே இருக்கலாம். ஆனால் அம்மா சொன்ன பதிலை உங்களுக்கு இப்போதுதான் சொன்னேன், மறந்திருக்க மாட்டீர்கள்.

ஐயா, நாளைக் காலை பத்து மணிக்கு உங்கள் அறைக்கு வந்து எழுத்தில் தருகிறேன். என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. பார்க்காததைப் பார்த்தேன் என்று இந்தக் கை இனி எழுதாது. அம்மாவுக்கு நான் செய்யும் அஞ்சலி இது ஒன்றுதான்.

இன்னும் நான்கு பேர் பேச இருக்கிறார்கள். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காப்பீர்கள். நான் அதற்கு இருக்க மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊசி மருந்தை ஐஸ் பெட்டியில் போட்டு வெளியே பைக்கில் கட்டி வைத்திருக்கிறேன். வையம்பட்டிக்கு அறுபது கிலோமீட்டர். நான் போய்ச் சேரும்போது மாடு கொட்டகைக்கு வந்திருக்கும்.

பெலிண்டா, போயிட்டு வரேம்மா.