சிவப்பு மணலும் நீல மணலும் போன வழி

வீட்டில் என்னைச் சுண்டு என்பார்கள். வயது பதின்மூன்று. லாரி ஓட்டுநரின் இளைய மகள். கடலோரத் தெருவில் கடைசி வீடு. காவல் ஆய்வாளர் ஐயா, மாலையில் நீங்கள் கேட்டபோது பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. நீயாவது வாயை மூடிக்கொண்டு இரு என்று அம்மா சொன்னதால், அம்மா தூங்கிய பிறகு குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பக்கத்து விடுதிக்காரர் கடலுக்குள் கற்சுவர் கட்டியதிலிருந்து எங்கள் பக்கம் கரை குறைந்துகொண்டே வருகிறது. அப்பாதான் லாரியில் மணலை அள்ளி விற்கிறார் என்று தெருவில் பேச்சு. துறைமுகத்தில் ஆழம் அளக்கும் என் அக்கா, யார் அள்ளுகிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்றாள். கேக்கில் போடும் சாயத்தை மாவுப் பசையில் கலந்து, மணலில் பிசைந்து வறுத்தோம். அதன் பிறகு இன்று விடிந்ததும் சிவப்பு மணலைச் சுவருக்கு அந்தப் பக்கமும் நீல மணலை எங்கள் பக்கமும் அலை தொடும் இடத்தில் கொட்டினோம்.

அலை நேராக வராமல் சாய்வாக ஏறி, மணலைப் பக்கவாட்டில் தள்ளி, நேராக இறங்கியது. அடுத்த அலை அங்கிருந்து மறுபடி தள்ளியது. நான் வாயைப் பிளந்து பார்த்தேன். அதன் பிறகு அக்கா தண்ணீரில் காலி ஷாம்பு பாட்டில் ஒன்றை விட்டாள். அலைகள் உடைந்து உடைந்து கரையோரமாகவே ஓர் ஓட்டத்தை உண்டாக்கியிருந்தன. பாட்டிலோடு போக நான் ஓட வேண்டியிருந்தது.

"என் லாரிகூட இவ்வளவு பொறுப்பா லோடு அடிக்காதுடி," என்றார் அப்பா. அவர் சிரித்துப் பல நாளாகிறது.

மதியத்துக்குள் நீலம் எங்கள் வாசலைவிட்டுப் போய்விட்டது. சிவப்போ சுவரடியில் தடுக்கப்பட்டு அங்கேயே குவிந்தது. எங்களுக்கு வரவேண்டிய மணல் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்தோம். அதன் பிறகு விடுதிக்கு முன்னால் கடலில் குளித்தவர்கள் காலில் சிவப்பு ஒட்டியதும் விஷம் என்று கத்தினார்கள், விடுதி மேலாளர் புகார் கொடுத்தார், அக்காவைக் கூட்டிப்போக உங்கள் ஜீப் வந்தது. ஏறும்போது அக்கா என்னிடம், "கடல் எவ்வளவு அழகா வேலை பாக்குது, பாத்தேல்ல?" என்றாள்.

மணலைச் சோதித்து முடிவு வரும்வரை அக்கா உள்ளேதான் என்று சொன்னீர்களாம். ஜீப் போன பிறகு சுவரடியில் குவிந்த சிவப்பு மணலில் ஒரு பிடி அள்ளி வந்தேன். அதில் ஒரு கரண்டி இப்போதுதான் தின்றேன். பல்லில் நறநறக்கிறது. விஷமா இல்லையா என்று காலையில் தெரிந்துவிடும்.

மேலே உள்ளவை நான் பார்த்தவை, யாரும் சொல்லித்தந்தவை அல்ல. காலையில் இதை நானே நடந்து வந்து உங்கள் கையில் கொடுத்தால், அதையே சோதனை முடிவாக வைத்துக்கொண்டு அக்காவை என்னோடு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
சுண்டு