அண்ணன் வாங்கிய திமிங்கிலப் பல்

என் பெயர் கெலேரா தாவுலா. வயது முப்பத்தொன்பது. கணவர் காலமாகிவிட்டார். ஃபிஜி நாடு, நந்த்ரோங்கா மாகாணம், வைந்தாமு கிராமத்தில் என் அண்ணன் விலியாமே வீட்டில் வசித்து வருகிறேன். கடற்கரை ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில், துணி தேய்க்கும் உருளை இயந்திரத்தில் வேலை பார்க்கிறேன். நான் புகார் கொடுத்துள்ள எதிரி இனோக்கே எங்கள் மேற்பார்வையாளர், பக்கத்துக் கிராமத்துக்காரர். எங்களுக்குள் முன்விரோதம் இல்லை.

சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி காலையில் நானும் உடன் வேலை செய்யும் ரோஷ்னி தேவியும் படுக்கை விரிப்புகளை உருளைக்குள் கொடுத்துக்கொண்டிருந்தோம். கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி கழன்று பல நாளாகியிருந்தது. அப்போது ரோஷ்னியின் வளையல் விரிப்பில் சிக்கி, அவள் கை உள்ளே இழுபட்டது. நான் சிவப்புப் பொத்தானை அழுத்தி இயந்திரத்தை நிறுத்தி, கையை வெளியே எடுத்தேன். தோல் வழன்றிருந்தது, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு இனோக்கே வந்து யார் நிறுத்தியது என்று கேட்டார். நான்தான் என்றும், கம்பியை மாட்டாமல் ஓட்டமாட்டேன் என்றும் சொன்னேன். அதற்கு அவர், "புருஷன் செத்ததும் வாய் நீண்டுபோச்சு உனக்கு. சுவிட்சப் போடுடி" என்றார். நான் போடவில்லை. உடனே விரித்த கையால் என் இடது காதோடு சேர்த்து அறைந்தார். துணி வண்டிமேல் விழுந்தேன். எழுந்தபோது அதே இடத்தில் மறுபடியும் அறைந்தார். காதில் இரத்தம் வந்தது. கைக்கு எட்டிய வெள்ளைத் துண்டால் துடைத்தேன். விருந்தினர் துண்டைக் கறையாக்கிவிட்டேன் என்று அதற்கும் திட்டினார்.

அதன் பிறகு பேருந்தில் அரசு மருத்துவமனைக்குப் போனேன். செவிப்பறை கிழிந்திருப்பதாகவும், கேட்கும் திறன் முழுதாகத் திரும்பாது என்றும் டாக்டர் சொன்னார். தேவாலயப் பாடற்குழுவில் நான் இரண்டாம் குரல் பாடுகிறவள். இடப்பக்கம் நிற்பவள் பாடுவது இப்போது எனக்குக் கேட்பதில்லை. குழுவில் நிற்பதை விட்டுவிட்டேன்.

அதன் பிறகு ஓட்டல் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "போலீசெல்லாம் எதுக்கும்மா, நாம எல்லாம் ஒரே குடும்பம், உள்ளுக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்" என்றார். நான் ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததாக ரோஷ்னி சொல்லியிருப்பதாகவும், சொல்லி அனுப்பும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொன்னார். இனோக்கே அதே சலவைக்கூடத்தில் இன்றும் வேலை பார்க்கிறார். அன்று மாலை ரோஷ்னி கையில் கட்டோடு என்னைப் பார்க்க வந்தாள். "அக்கா, நீ நிறுத்தலைன்னா எனக்கு இந்தக் கையே இல்ல. அது எனக்குத் தெரியும். ஆனா ரெண்டு புள்ளைங்களை வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்? கோர்ட்டுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாத" என்றாள். ரொட்டிப் பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். எனக்குப் பசியாக இருந்ததால் சாப்பிட்டேன்.

அதன் பிறகு இலவச சட்ட உதவி அலுவலகத்தில் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். அவர், "அடிச்சதுக்குப் போலீஸ் கேஸ். காது போனதுக்கு நஷ்டஈடு, அதைத் தொழிலாளர் துறையில கேக்கணும். வேலைய விட்டு எடுத்தா அதுக்குத் தனிப் புகார். ஒண்ணு போட்டா இன்னொண்ணு அடைபட்டுப் போயிடாது" என்றார். எனக்குச் சாட்சி யாரும் இல்லையே என்றேன். "டாக்டர் இருக்காரு, நீங்க இருக்கீங்க. ஆனா நடுவுல கால் பின்ன வைக்கக் கூடாது" என்றார். அங்கிருந்து நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தேன்.

புகார் கொடுத்த பின் வந்த சனிக்கிழமை, இனோக்கேயின் பெரியப்பாவும் உறவினர்களும் அவரையும் கூட்டிக்கொண்டு திமிங்கிலப் பல்லோடு எங்கள் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்க வந்தார்கள். கூடத்துப் பாயில் உட்கார்ந்து பல்லை நீட்டிப் பேசினார்கள். எங்கள் வழக்கப்படி பல்லை வாங்கிக்கொண்டால் மன்னித்ததாக அர்த்தம். நான் பின்கட்டில் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் அழைக்கவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை, "அந்த விஷயம்" என்றே சொன்னார்கள். அண்ணன் பல்லை வாங்கிக்கொண்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார்கள். நான் வேகவைத்த கிழங்கை இனோக்கேயும் சாப்பிட்டார்.

எங்கள் வழக்கத்தில் அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. எதுவானாலும் அண்ணி மூலமாகத்தான். அதனால் அண்ணிதான் வந்து, "முடிஞ்சுபோச்சாம், புகாரைத் திரும்ப வாங்கிடணுமாம்" என்றாள். "காது என்னோடது அண்ணி. அவங்க எனக்கா பல்லு குடுத்தாங்க?" என்றேன். அண்ணி அதை அண்ணனிடம் போய்ச் சொல்லவில்லை.

இன்று காலை புகாரைத் திரும்பப் பெறுவதற்காக அண்ணனே என்னைத் தன் வண்டியில் இங்கு அழைத்து வந்தார். வாசலில் வண்டியை நிறுத்தியதும், நினைவு தெரிந்த நாளிலிருந்து முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "கெலேரா, வாங்கின பல்லை நான் திருப்பிக் குடுத்தா இந்த ஊர்ல தலைகாட்ட முடியாது. அவன்மேல கேஸ் நிக்கணும்னு நீ எழுதிக் குடுத்தா, திரும்ப இந்த வண்டியில ஏறாதே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் இறங்கி உள்ளே வந்தேன்.

சமாதானத்தை ஏற்கிறீர்களா என்று, இந்த வாக்குமூலத்தை எழுதும் போலீஸ் கார்ப்பரல் அம்மா கேட்டார். ஏற்கவில்லை. புகாரைத் திரும்பப் பெறவில்லை. இனோக்கேமீது வழக்கு நடக்க வேண்டும்.

மேலே கண்டவை நான் சொன்னபடியே எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. அனைத்தும் உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன். என்னை அண்ணன் வீட்டில் விடக் காவல் வண்டி தருவதாகச் சொன்னார்கள். அங்கே போகவில்லை என்றும், வேறு முகவரி கிடைத்ததும் வந்து தெரிவிக்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம்) கெலேரா தாவுலா