பாச்சாங் சுவரில் ஒரு கண்

— ஐயோ தம்பி, அந்தக் கண்ணு மேலயா பெயிண்ட் அடிக்கப் போற?

— அது கண்ணு இல்ல ஜெயமணிக்கா. எத்தன தடவ சொல்றது?

— இந்தப் பாச்சாங் பஸ் ஸ்டாப்புல, சுவத்துக்கு எதுக்கப் பூக்கடை போட்டுத் தினம் பாக்குறவ நானு. சிவப்பு, உள்ள கறுப்பு வளையம், நடுவுல வெள்ள. முனீஸ்வரன் முறைக்கிற மாதிரியே இருக்குலா!

— செம்பனைப் பழம்க்கா, எண்ணெய் எடுக்குறது. குறுக்க வெட்டுனா அப்படித்தான் இருக்கும். எங்கப்பா செலண்டார் தோட்டத்துல குலை வெட்டுறாரு. நானே ஒண்ண வெட்டிப் பாத்துத்தான் வரைஞ்சேன்.

— பழத்த யாருலா ஒரு மாடி உசரத்துக்கு வரைவா?

— மாடர்ன் ஆர்ட்டுக்கா. பாக்குறவங்க அவங்க இஷ்டத்துக்குப் பாத்துக்கலாம்.

— அதத்தானே செஞ்சாங்க! இஷ்டத்துக்குப் பாத்தாங்க, எலுமிச்சம்பழம் வச்சுக் கும்பிட்டாங்க. உனக்கு எங்க குத்துது?

— குத்தலக்கா, பயமா இருக்கு. கட்டடம் சீன முதலாளி, அந்தத் தவுக்கேயோடது. சுவத்தத் தர்றப்பவே சொல்லிட்டாரு, சாமி கீமின்னு ஏதாச்சும் வந்தா மொத்தத்துக்கும் வெள்ளையடிச்சிருவேன்னு. இன்னிக்கு வந்து பாக்குறேன்னு போன் பண்ணாரு.

— அதுக்கு நீயே அழிக்கிறதா திலீபா?

— இந்தப் பழத்த மட்டும் நீலத்தால மூடிட்டா போதும். சுவத்துல மத்த படமாச்சும் தப்பிக்கும். எனக்குக் கிடைச்ச முதல் சுவருக்கா.

— கும்பிடுறவங்கள நீ பாத்தியா?

— நேத்து பின்னால நின்னு பாத்தேன். ஃபேக்டரி உடுப்போட ஒரு அக்கா, பஸ் வந்தும் ஏறாம அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க. நான் வரைஞ்சத யாரும் அப்படிப் பாத்ததே இல்ல.

— அவளுக்கு என்ன தெரிஞ்சுச்சாம்?

— கேக்கணும்னுதான் கிட்டப் போனேன். வாயத் தொறந்தா பழம்னு சொல்லிடுவேனோன்னு திரும்பிட்டேன்.

— நல்ல ஆளுலா நீ! சரி ஏறு, ஏணியப் பிடிச்சுக்கிறேன்.

— முதல்ல சிவப்ப மூடவா, வெள்ளையவா?

— என்னைக் கேட்டா எதையும் மூடாத.

— ...முடிஞ்சுதுக்கா. கீழ இருந்து எப்படித் தெரியுது?

— கண்ணு மூடிக்கிச்சு.

— இனிமே யாரும் கும்பிட மாட்டாங்கல்ல?

— இதயா? நானே கும்பிட மாட்டேன். அந்தா பாரு, தவுக்கே காரு.

— அப்பாடா, நல்ல நேரத்துல முடிச்சேன். கோவமா இருக்காரா? எனக்கு இங்கிருந்து திரும்ப முடியல, பாத்துச் சொல்லுங்கக்கா.

— கோவமாத் தெரியலியே. ஒரு கையில பை நிறைய ஆரஞ்சு, இன்னொரு கையில ஊதுபத்திக் கட்டு... தம்பி, செருப்பக் கழட்டுறாரு.