கறிக்குப் போடுற இலை

மொண்டெல்லோவிலிருந்து பொலிதேயாமாவுக்குப் போகும் பேருந்து. எனக்குப் பின் இருக்கையில், இத்தாலியர் வீடுகளில் வேலை முடித்துத் திரும்பும் இரண்டு பெண்கள். நானும் தமிழ் என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் காட்டிக்கொள்ளவில்லை.

"நான் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவின்ரை மகன் கஞ்சாச் செடிக்கு லென்ஸ் பிடிச்சுப் பாக்கிறான், அக்கா."

"என்னத்தைப் பாக்கிறான்?"

"வெட்டுற பருவம் வந்திட்டுதோ எண்டு. ஒவ்வொரு நாளும் பாத்திட்டு, இன்னும் இல்லையாம். வெட்டினாலும் வெயில் படக்கூடாதாம். நான் உடுப்பு அயன் பண்ணுற அறையை இருட்டாக்கி, அதுக்குள்ளை தொங்கவிடப்போறானாம்."

"குடிச்ச கோப்பையைக் கழுவத் தெரியாது. செடி வளக்க வந்திட்டான், கண்டறியாத கமக்காரன்! தாய்க்குத் தெரியுமோ?"

"மனிசி என்ன செடியெண்டு கேட்டவ. தமிழாக்கள் கறிக்குப் போடுற இலை, இவள்தான் வளக்கிறாள் எண்டு என்ரை தலையிலை கட்டிவிட்டான்."

"நீ என்ன சொன்னனி?"

"சிரிச்சனான்."

"சிரி, நல்லாச் சிரி. பொலிஸ் வந்தா அவனுக்குத் தாய் இருக்கிறா. உன்ரை பெர்மெசோ விசாவை ஆர் காப்பாத்துறது?"

"அதுதான் இண்டைக்கு அவன் கடலிலை குளிக்கப் போனாப்பிறகு எல்லாத்தையும் அடியோடை வெட்டிப்போட்டன்."

"ஐயோ! வந்து கத்தப்போறான்."

"தாய்க்கு முன்னாலை என்னெண்டு கத்துவான்? என்ரை இலையை நான் வெட்டினனான்."

"வெட்டினதெல்லாம் எங்கை?"

"மொட்டைமாடியிலை, உச்சி வெயிலிலை பரப்பிவிட்டு வாறன். கறிக்குப் போடுறதை நாங்கள் வெயிலிலைதானே காயவிடுறது?"