புல்லுருவியிடம் வாங்காத சத்தியம்

வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்திருப்பவர்கள் எதையும் மறுக்க மாட்டார்கள். நம்ப முடியவில்லை என்றால் எங்கள் ஊர் நீச்சல் குளத்துக்கு வந்து யாரிடமாவது ஏதாவது கேட்டுப் பாருங்கள்.

ஐஸ்லாந்தில் ஒரு புத்தகம் பிழைப்பதும் சாவதும், எல்லாரும் பரிசுக்குப் புத்தகம் வாங்கும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில்தான். என் மகன் அஸ்கெய்ர் பழைய கடவுள்களை வைத்து இளையோருக்கு நாவல் எழுதுகிறான். முதல் இரண்டும் செத்துப்போயின. தூக்கம் வராதவர்களுக்கு நல்லது என்று ஒருவர் எழுதியபிறகு, அவன் வசந்தம்வரை அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாவது நாவல் பால்டர் என்ற கடவுளைப் பற்றியது. "இதையும் கிழிச்சாங்கன்னா அவ்வளவுதாம்மா, இனிமே எழுத மாட்டேன்" என்றான்.

பால்டர் கதையை நீங்களும் பள்ளியில் படித்திருப்பீர்கள். மகன் சாகப்போகிறான் என்று தெரிந்ததும் அவன் தாய், நெருப்பு, இரும்பு, நோய் என்று எல்லாவற்றிடமும் அவனைத் தொடுவதில்லை எனச் சத்தியம் வாங்கினாள். புல்லுருவியை மட்டும் சின்னஞ்சிறு செடி என்று விட்டுவிட்டாள். அதுதான் அவனைக் கொன்றது. பலர் இதைச் சோகக் கதை என்பார்கள். எனக்கு அது கவனக்குறைவாகவே பட்டது.

நான் தொட்டியில் இறங்கி ஒவ்வொருவராகக் கேட்டேன். பாதிரியார், நூலகர், செய்தித்தாளில் எழுதும் எய்னார், எல்லாரும் நல்லதே சொல்வதாக வாக்குக் கொடுத்தார்கள்.

"படிக்கணுமா, ஸ்டெய்னுன்?" என்றார் எய்னார்.

"கட்டாயமில்லை."

"அப்போ ரொம்ப நல்ல புத்தகம்."

மிச்சமிருந்தது பிரின்யா. பதினைந்து வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலியில் புத்தகங்களைப் பற்றிப் பேசுவாள். பிள்ளைகள் அவள் பேச்சைத்தான் கேட்டார்கள். கருப்பு மணல் கடற்கரையில் அவளைப் பார்த்தேன். கையில் அஸ்கெய்ரின் புத்தகம் இருந்தது.

"கடைசி அத்தியாயத்துல அழுதுட்டேன், நிஜமா," என்றாள். "ஆனா நடுவுல அந்த ஓநாய் எரநூறு பக்கத்துக்கு வெறும் பல்லைக் கடிச்சுக்கிட்டே இருக்கு. பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

"அதை வானொலியில சொல்லாம இரேன்."

"ரெண்டையும்தான் சொல்வேன். ஒண்ணை மட்டும் சொன்னா யாரு நம்புவா?"

நான் வற்புறுத்தவில்லை. புத்தகத்தோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அந்தக் கரையில் ஆளையே இழுத்துக்கொண்டு போகும் அலை திடீரென்று வரும், கடலுக்கு முதுகு காட்டக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். கொஞ்சம் தயங்கினாள்.

"அலை வந்தா சொல்வீங்கள்ல?"

"சொல்றேன்," என்றேன்.

அலை வந்தது. நான் அவளைத் தொடவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான். படம் நன்றாக வந்திருக்கிறது. அட்டை தெளிவாகத் தெரிகிறது.

நீங்கள் கேட்க நினைப்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, அந்தப் புத்தகத்தை நான் இன்னும் படிக்கவில்லை. நல்ல புத்தகம் என்று ஊரே சொல்கிறதே.

செய்தி தெரிந்ததிலிருந்து அஸ்கெய்ர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கிறான். நான்காவது நாவலை ஆரம்பித்துவிட்டான் போலிருக்கிறது.